பக்கீர் முகம்மது கடைந்த பித்தளைப் புஷ்

போன ஆடிக்கு முந்தின ஆடியில் குரங்கணிக்கு மேலே இறங்கிய மூடுபனி, வழக்கம்போல வெயில் ஏறியதும் கலையாமல், நாளாக நாளாகக் கெட்டிப்பட்டு, ஒரு வெள்ளிக்கிழமை தண்ணீராகவே நின்றுவிட்டது. பள்ளத்தில் நின்றிருந்தால் யாரும் கவலைப்பட்டிருக்கமாட்டார்கள். மலைச்சரிவில் நின்றது. கட்டிலில் விரித்த போர்வை மாதிரி, சரிவு எப்படிச் சாய்ந்திருந்ததோ அப்படியே சாய்ந்து, ஒரு சொட்டு கீழே வழியாமல் நின்றது. ஓரத்தில் நின்று கையை விட்டால் முழங்கைவரை நனைந்தது; கையை எடுத்தால் காய்ந்தது. லிங்கேஸ்வரன் முதலாளியின் ஏலத்தோட்டம் முழுக்க அதற்குள் போய்விட்டது. நிழலுக்கு நட்ட சில்வர் ஓக் மரங்களின் உச்சிகள் மட்டும் வெளியே தெரிந்தன.

பார்வையிட அதிகாரிகள் வந்தார்கள். ஏரி என்றால் மட்டமாக இருக்கவேண்டும், இது சாய்ந்திருக்கிறது, ஆகவே எங்களுடையது இல்லை என்று ஏரிகளைக் கவனிப்பவர்கள் சொன்னார்கள். ஓடாத தண்ணீரை ஆறு என்று எழுதமுடியாது என்று ஆறுகளைக் கவனிப்பவர்கள் சொன்னார்கள். மீன் வந்தால் சொல்லியனுப்புங்கள் என்று மீன்வளத்துக்காரர்கள் போய்விட்டார்கள். வானிலைக்காரர் ஒருவர்தான் இது பனி என்று ஒப்புக்கொண்டார். ஆனால் தரைக்கு வந்துவிட்ட பனி தன் பொறுப்பில் வராது என்றார். எல்லோருக்கும் மதியச் சாப்பாடு குரங்கணியில் ஏற்பாடாகி இருந்தது. சாப்பிட்டுவிட்டு இறங்கினார்கள்.

தண்ணீருக்குள் போன ஏலக்காய் அழுகவில்லை என்பது அடுத்த வாரம் தெரிந்தது. பருத்து, பச்சை ஏறி, கையில் எடுத்தால் ஒரு தெரு தாண்டி மணத்தது. போடி ஏல மையத்தில் மாதிரிக்கு வைத்த ஒரு கைப்பிடியை மோந்து பார்த்த வடநாட்டு வியாபாரி, உட்கார்ந்த நாற்காலியிலேயே கொஞ்ச நேரம் கண்ணை மூடிக்கொண்டிருந்துவிட்டு, எவ்வளவு இருந்தாலும் தனக்கு வேண்டும் என்றார். லிங்கேஸ்வரனுக்கு அதுவரை அது இயற்கைச் சீற்றமாக இருந்தது. அன்று சாயங்காலத்திலிருந்து அது நீர்ப்பாசனம் ஆனது. ஒரே சிக்கல், ஏலக்காய் கிளையில் காய்ப்பதில்லை. செடியின் தூரில், தரையோடு சரம் விட்டுக் காய்ப்பது. காய் எடுக்கும் பெண்கள் தண்ணீருக்கு அடியில் போய்க் குந்தி உட்காரவேண்டும், மூச்சும் விடவேண்டும்.

லிங்கேஸ்வரன் கடலுக்குள் போகிறவர்கள் கட்டிக்கொள்ளும் சாமான்களை வாங்கி வரவழைத்தார். சிலிண்டர்களை ஒரு ஊரிலும், அவற்றின் வாயில் மாட்டுகிற ரெகுலேட்டர்களை இன்னொரு ஊரிலும், எங்கே மலிவோ அங்கே வாங்கினார். சிலிண்டர் கவ்விப் பிடிக்கிற வகை, ரெகுலேட்டர் மரை சுற்றுகிற வகை. ஒன்றோடொன்று சேரவில்லை. போடியில் சேராத சாமானை எடுத்துக்கொண்டு போக ஒரே ஒரு இடம்தான் இருந்தது. அது கடைவீதியில் பக்கீர் முகம்மதின் ஹோஸ் கடை.

பக்கீர் முகம்மது ஐம்பதைத் தாண்டிய, அகலமான மனிதர். ஏலச்செடிக்கு மருந்தடிக்கும் ஹோஸ், மோட்டார் ஹோஸ், சொட்டுநீர்க் குழாய், இவற்றுக்கான வாஷர், கிளிப், நிப்பிள் எல்லாம் விற்றார். கடைக்குப் பின்னால் சின்னதாக ஒரு லேத்து வைத்திருந்தார். எந்த இரண்டு குழாயைக் கொண்டுவந்தாலும் நடுவில் ஒரு பித்தளைப் புஷ் கடைந்து சேர்த்துக் கொடுத்துவிடுவார். இல்லை, முடியாது, சேராது ஆகிய மூன்று சொற்களையும் வாடிக்கையாளர் முன்னால் அவர் சொல்லி யாரும் கேட்டதில்லை. நாள் முழுக்கப் பேசுவார். வீட்டுக்கு வந்ததும் பேச்சு நின்றுவிடும். மனைவி மரியம் பீவி சாப்பாடு வைத்துக்கொண்டே ஏதாவது கேட்டால் "ம்" என்பார். கல்யாணமான நாளிலிருந்து அந்த வீட்டில் அவர் செலவழித்த சொற்கள் ஒரு சின்ன டப்பாவில் அடங்கும்.

கவ்வுகிற வாய்க்கும் மரை வாய்க்கும் அவர் ஒரே நாளில் இணைப்பு செய்து கொடுத்தார். அது ஒழுங்கான இணைப்பு, அதில் குற்றமில்லை. அந்தப் பெருமையில் லிங்கேஸ்வரன் அவரையும் பயிற்சி முகாமுக்குக் கூப்பிட்டார். தூத்துக்குடியிலிருந்து அன்புச்செல்வன் என்ற முக்குளிப்பாளர் வந்திருந்தார். கடலுக்கு அடியில் பாதி ஆயுளைக் கழித்தவர், குரங்கணி ஜீப் ரோட்டில் மூன்று இடங்களில் வாந்தி எடுத்தார். வெளிறிப்போய் நின்றுகொண்டே ரெகுலேட்டரைத் தூக்கிக் காட்டினார். இதில் இரண்டு வகை ஓட்டை உண்டு. சின்ன ஓட்டை, இஞ்சில் எட்டில் மூன்று பங்கு. சிலிண்டரின் அழுத்தத்தைக் குறைத்து, நெஞ்சு தாங்குகிற அளவுக்குக் காற்றைக் கொடுக்கும். மூச்சுக் குழாய் அதில்தான். பெரிய ஓட்டை, பதினாறில் ஏழு பங்கு. அதில் சிலிண்டரில் இருக்கிற அழுத்தம் அப்படியே வரும். காற்று எவ்வளவு மிச்சமென்று காட்டும் மானிக்கு மட்டும்தான் அது. பழைய காலத்தில் இரண்டும் ஒரே அளவாக இருந்து, மாற்றி மாட்டி ஆட்கள் அடிபட்டபிறகுதான் அளவைப் பிரித்தார்கள் என்று அவர் சொல்லிக்கொண்டிருந்தபோது பிரியாணி அண்டா ஜீப்பிலிருந்து இறங்கியது. கூட்டம் அந்தப் பக்கம் திரும்பிவிட்டது. கேட்டுக்கொண்டிருந்தவர் பக்கீர் முகம்மது ஒருவர்தான்.

கேட்டதோடு விடவில்லை. ஒரு ரெகுலேட்டரைக் கடைக்குக் கொண்டுவந்து, மரை எண்ணும் சீப்பை வைத்துப் பார்த்தார். சின்னதில் இஞ்சுக்கு இருபத்துநாலு மரை, பெரியதில் இருபது. வாய் அகலத்தில் ஒரு அரிசியின் கனம்தான் வித்தியாசம். சின்னக் குழாயைப் பெரிய ஓட்டையில் விட்டால் லொடலொடவென்று ஆடி விழுந்தது. பெரியது சின்னதில் நுழையவே இல்லை. கண்காணாத ஊரில் யாரோ ஒருவன் உட்கார்ந்து யோசித்து, இது இதில் சேரக்கூடாது என்று முடிவு செய்து, அதைக் காகிதத்தில் எழுதினால் எவனும் படிக்கமாட்டான் என்று தெரிந்து, மரையிலேயே வெட்டிவைத்திருக்கிறான் என்பது அவருக்கு நன்றாகவே விளங்கியது. நல்ல வேலை என்று மனதுக்குள் பாராட்டவும் செய்தார்.

காய் எடுப்பு தொடங்கியது. ஒரு சிலிண்டரை நடுவில் பாறைமேல் வைத்து, ரெகுலேட்டரின் நாலு சின்ன ஓட்டையிலும் நாலு நீளக் குழாய் மாட்டி, நாலு பெண்கள் சுற்றிலும் அடுப்பில் குளிர்காய்கிறவர்கள்போல உட்கார்ந்து சரம் சரமாகப் பறித்தார்கள். ஆளுக்கொரு சிலிண்டர் என்று அன்புச்செல்வன் சொல்லியிருந்தார். அவர் ஊருக்குப் போய்விட்டார். பத்து நாள் போனதும் லிங்கேஸ்வரன் கடைக்கு வந்து, ரெகுலேட்டரை மேசைமேல் வைத்தார்.

"ராவுத்தரே, இதுல மொத்தம் ஆறு ஓட்டை. நாலுல ஆளு மாட்டியாச்சு. இந்தப் பெரிய ஓட்டை ரெண்டுக்கும் என்ன சோலி?"

"அது மானி மாட்டுறது முதலாளி. அளவே வேற."

"அளவு வேறன்னு சொல்லவா நான் ஒங்க கடைக்கு வர்றேன்? அதத்தான் எல்லாக் கடையிலயும் சொல்றானே."

கடையில் அப்போது நாலைந்து வாடிக்கையாளர்கள் நின்றார்கள். பக்கீர் முகம்மது அவர்களைப் பார்த்தார். லிங்கேஸ்வரனைப் பார்த்தார். "ஒரு புஷ் போட்டா ஆச்சு" என்ற சொற்கள் அவர் வாயிலிருந்து வந்தன. வெளியே பெரிய மரை, உள்ளே சின்ன மரை. லேத்தில் கடைந்தார். பித்தளைச் சுருள் கைலியில் விழுந்து சுட்டது. அன்று வீட்டில் சாப்பிடாமல் படுத்தார். மரியம் பீவி என்னவென்று கேட்டதற்குத் தலைவலி என்றார்.

அந்தப் புஷ் முதலில் ராமுத்தாயின் குழாய்க்குப் போனது. குரங்கணிக்காரி, கூட்டத்தில் கை வேகமானவள் என்பதால் கூடுதல் காற்று அவளுக்கே பொருந்தும் என்று லிங்கேஸ்வரன் தீர்மானித்திருந்தார். அவள் தண்ணீருக்குள் உட்கார்ந்து முனையைக் கவ்வியதும் குழாய் பப்பாளிக்காய் மாதிரி உப்பியது. வெடித்திருக்கவேண்டும். வெடிக்கவில்லை, பக்கீர் முகம்மது நல்ல ஹோஸாகவே விற்றிருந்தார். ஆகவே சிலிண்டரில் இருந்த மொத்தக் காற்றும் ஒரே மூச்சாக ராமுத்தாய்க்குள் போயிற்று. மற்ற நாலு பேரும் காற்று நின்றுபோய் இருமிக்கொண்டு கரையேறியபோது, அவள் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு கிளம்பி, சில்வர் ஓக் உச்சிகளைத் தாண்டி, மடியில் கட்டிய காய் பொலபொலவென்று உதிர, போடிமெட்டுப் பக்கம் மிதந்து போய்க்கொண்டிருந்தாள். எல்லைச் சோதனைச்சாவடியில் நின்ற கேரளத்துக் காவலர் ஒருவர் நிமிர்ந்து பார்த்து, "சேச்சி, எங்ஙோட்டா?" என்று கேட்டார். ஏலத்தோட்டத்துக்குப் போகிற ஆளாக இருக்கும் என்று அவர் வண்டிகளைப் பார்க்கத் திரும்பிவிட்டார்.

சாயங்காலக் காற்று அவளைத் திருப்பிக் கொண்டுவந்தது. செல்போன் கோபுரம் ஒன்றில் சேலை சிக்கி நின்றாள். அவள் புருஷன் சோணையும் பக்கீர் முகம்மதும் ஜீப்பில் போய், மருந்தடிக்கும் ஹோஸைச் சுருக்குப் போட்டு வீசி இழுத்தார்கள். ஆஸ்பத்திரியில் டாக்டர் நாடியைப் பார்த்தார், நன்றாக இருந்தது. மூச்சைப் பார்த்தார், இல்லை, தேவைப்படவும் இல்லை. கட்டிலின் கம்பியில் சேலைத் தலைப்பால் கட்டப்பட்டு மேலே அசைந்துகொண்டிருந்தவளிடம், "இது கேஸ்தாம்மா. வெறும் வயித்துல டீ குடிக்காதீங்க" என்று சொல்லி மாத்திரை எழுதிக்கொடுத்தார். சோணை அவளை வீட்டுக்குக் கொண்டுபோய், வாசலில் நின்ற பலாமரத்தில் அதே ஹோஸால் கட்டிவைத்தான். கிளையோடு கிளையாக, இலைகளுக்கு நடுவில், வாயை இறுக மூடிக்கொண்டு கிடந்தாள்.

மறுநாள் கடை திறக்காமல் பக்கீர் முகம்மது குரங்கணிக்குப் போனார். மரத்தடியில் நின்று தலையை அண்ணாந்து, "ஆத்தா, என்னய மன்னிச்சிரு" என்றார்.

அதுவரை யாரிடமும் பேசாதவள் கீழே பார்த்தாள். "தெரிஞ்சு செஞ்சீகளா, தெரியாமச் செஞ்சீகளா பாயண்ணே?"

தெரியாமல் என்று சொல்ல அவருக்கு எல்லா வசதியும் இருந்தது. டாக்டரே கேஸ் என்று எழுதிக் கொடுத்திருந்தார். "தெரிஞ்சுதான் ஆத்தா" என்றார்.

"நீரெல்லாம் ஒரு மனுசனா?" என்று ராமுத்தாய் கத்தினாள். கத்தியதும் ஒரு சாண் இறங்கினாள். ஹோஸ் தொய்ந்ததைச் சோணைதான் முதலில் பார்த்தான். பக்கீர் முகம்மதுவுக்குச் சட்டென்று விளங்கியது. "இன்னும் ஏசு ஆத்தா, நிறுத்தாத" என்றார். அவள் ஏசினாள். அவர் தலையைக் குனிந்துகொண்டு எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டார். அவரை முடித்துவிட்டு அவள் லிங்கேஸ்வரனுக்குப் போனாள்; காய் எடுக்கப் போன முதல் நாளிலிருந்து சொல்லாமல் விழுங்கியதையெல்லாம் வரிசையாக எடுத்தாள்; அவர் அப்பாவுக்குப் போனாள், தாத்தாவுக்குப் போனாள். இரண்டு வாரம் ஆயிற்று. குரங்கணியில் பலபேர் வேலை முடிந்து வந்து, கேட்பதற்காகவே பலாமரத்தடியில் உட்கார்ந்தார்கள். கடைசியில் சோணையின் பக்கம் திரும்பி, கல்யாணத்தன்று அவன் வீட்டார் சொன்ன ஒரு சொல்லை நினைவுபடுத்திய கணத்தில் கால் தரையில் பட்டது. ஒரு டம்ளர் கடுங்காப்பி வாங்கிக் குடித்துவிட்டுப் படுத்துத் தூங்கினாள்.

ஆனால் அதற்குள் லிங்கேஸ்வரனுக்கு யோசனை முற்றிவிட்டது. ஒரே மூச்சில் ஒரு சிலிண்டரைக் குடித்த பெண்ணுக்குப் பல நாள் மூச்சே வேண்டியதில்லை. குழாய் வேண்டாம், மானி வேண்டாம். இடுப்பில் பாறாங்கல்லைக் கட்டி இறக்கினால் பொழுதடையும்வரை மேலே வராமல் காய் எடுப்பாள். பேசினால் காற்று போய்விடும் என்பதால் வேலை நேரத்தில் பேசவும்மாட்டாள். தோட்ட முதலாளிகளின் முன்னேற்றத்துக்கென்று ஒரு குழு இருந்தது. அது கூடி ஆராய்ந்து, ராமுத்தாய்க்கு நேர்ந்தது அவளுடைய உடல்வாகினால் என்றும், புஷ் உள்ளூர்த் தொழில்திறனுக்கு எடுத்துக்காட்டு என்றும் அறிக்கை கொடுத்தது. லிங்கேஸ்வரன் அறிக்கையோடு கடைக்கு வந்து, எல்லாப் பெண்களுக்கும் புஷ் கடையச் சொன்னார்.

"முடியாது முதலாளி" என்றார் பக்கீர் முகம்மது.

கடையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். லிங்கேஸ்வரனுக்குக் கோபம்கூட வரவில்லை, ஆச்சரியம்தான் வந்தது. "கம்பத்துல லேத்து இல்லையா ராவுத்தரே?" என்று கேட்டுவிட்டு, ஜீப்பில் ஏறிப் போனார். கம்பத்தில் லேத்து இருந்தது. அங்கே அளவு மட்டும் கேட்டார்கள், எதற்கு என்று கேட்கவில்லை.

செயல்விளக்கத்துக்கு நாள் குறித்துக் குழுவினரையும் அழைத்திருந்தார்கள். தண்ணீரின் ஓரத்தில் பந்தல், நாற்காலி, மாலை எல்லாம் இருந்தன. பெண்கள் இடுப்பில் கல்லைக் கட்டிக்கொண்டு வரிசையில் நின்றார்கள். முதலில் நின்றவள் முத்துப்பிரியா. கல்யாணமாகி ஆறு மாதம். பக்கீர் முகம்மது அழைப்பில்லாமல் வந்து இறங்கினார். ஒரு கையில் சின்ன முனைக் குழாய், மறு கையில் பெரிய முனைக் குழாய்.

"தாயி, ரெண்டையும் பாரு. சின்ன ஓட்டை ஒன் நெஞ்சு தாங்குறதத் தரும். பெரிய ஓட்டை சிலிண்டர்ல இருக்குறத அப்படியே தள்ளும். ஒண்ணுல ஒண்ணு மாட்டக்கூடாதுன்னுதான் அளவ மாத்தி வச்சிருக்கான். நடுவுல புஷ் போட்டு அந்தப் பாதுகாப்பக் கெடுத்தவன் நான்தான்."

குழுத் தலைவர் இதை எழுத்துமூலமாகக் கொடுக்கும்படி கேட்டுக்கொண்டார். "அந்தப் பொம்பளைக்கு வந்தது கேஸ்னு டாக்டரே சொல்லியாச்சு. தள்ளுங்க ராவுத்தரே, வெரசா ஆகட்டும்" என்றார் லிங்கேஸ்வரன். முத்துப்பிரியா யாரை நம்புவது என்று தெரியாமல் குழாயைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். பக்கீர் முகம்மது அவள் கையிலிருந்து அதை மெதுவாக வாங்கினார். அவருக்குப் பயமாக இருந்தது. உயரம் ஆகாது அவருக்கு. கடையில் மேல்தட்டுச் சாமானை எடுக்கவே ஸ்டூலில் ஏறமாட்டார். கண்ணை மூடி பிஸ்மில்லா சொல்லி, முனையைக் கவ்வி, வால்வைத் திறந்தார்.

வெள்ளைச் சட்டையும் கட்டம் போட்ட கைலியுமாக அந்த அகலமான மனிதர் பந்தலைப் பெயர்த்துக்கொண்டு மேலே போனதை எல்லோரும் பார்த்தார்கள். ஒரு செருப்பு குழுத் தலைவரின் மடியில் விழுந்தது. பெண்கள் இடுப்புக் கல்லை அவிழ்த்து நாற்காலிகளுக்கு முன்னால் ஒவ்வொருவராகப் போட்டுவிட்டு ஜீப்பில் ஏறிக் கீழே போனார்கள். சம்பவத்தை ஆராய்ந்த குழு, சம்பந்தப்பட்டவருக்கும் கேஸ் என்று எழுதியது. ஆனாலும் பெண்கள் வரவில்லை. தண்ணீருக்குள் காய் முற்றி வெடிக்கத் தொடங்கி, அந்த மணத்தில் போடிவரை யாருக்கும் வேலை ஓடாமல் போன பிறகு, லிங்கேஸ்வரன் ஆளுக்கொரு சிலிண்டரும், அதற்கேற்ற குழாயும், ஒவ்வொன்றிலும் மானியும் வாங்கினார். இது ஆரம்பத்திலிருந்தே தன் திட்டம் என்று ஏல மையத்தில் சொன்னார். முதல் ஜீப்பில் ஏறியவர்களில் ராமுத்தாயும் இருந்தாள்; ஏறுமுன் தன் குழாயின் முனையையும் மானியையும் தானே சுற்றிப் பார்த்துக்கொண்டாள்.

பக்கீர் முகம்மதைத் தேவாரத்துப் பக்கம் ஒரு தென்னந்தோப்பில், யானை விரட்டக் காவலிருந்தவர்கள் பிடித்துக் கொடுத்தார்கள். மிதந்துகொண்டே கடையை நடத்தினார். இடுப்பில் எடைக்கற்களைக் கட்டிக்கொண்டு தொழுகைக்குப் போய்வந்தார். நாள் முழுக்கப் பேசுகிறவர் ஆயிற்றே, நாலு நாளில் இறங்கிவிடுவார் என்று கடைவீதி எதிர்பார்த்தது. இறங்கவில்லை. இந்த ஹோஸ் பத்து வருஷம் உழைக்கும், இது கம்பெனி வாஷர், உங்களுக்காக இந்த விலை என்று எவ்வளவு பேசியும் ஒரு விரற்கடை அசையவில்லை. ஏற்கெனவே சொல்லிச் சொல்லித் தேய்ந்த பேச்சில் காற்று வெளியேறுவதில்லை என்று தெரிந்தது.

ஒரு மாதம் பார்த்துவிட்டு மரியம் பீவி கடையை அடைக்கச் சொன்னாள். அவரை வீட்டுக்குக் கொண்டுவந்து, நடுக்கூடத்து ஜன்னல் கம்பியில் கட்டினாள். ஒரு முறம் பூண்டை எடுத்துக்கொண்டு அவருக்கு நேர்கீழே உட்கார்ந்து உரிக்கத் தொடங்கினாள். உத்தரத்தில் தோள் உரச, அவர் விழித்துக்கொண்டிருந்தார்.

"அன்னைக்குச் சாப்பிடாமப் படுத்தீகளே, தலவலின்னு. நெசமாவே தலவலியா?"

"ம்" என்றார். அசையவில்லை. அவள் அடுத்த பூண்டை எடுத்தாள். அவசரமில்லை என்பதுபோல உரித்தாள்.

"தலவலி இல்ல மரியம்" என்றார். தோள் உத்தரத்தை விட்டு விலகியது. "ஆகாதுன்னு சொல்லிட்டா நாலு பேரு கேவலமா நெனைப்பாகன்னு பயந்தேன். அந்தப் பொம்பளையவிட அந்த நாலு பேரு பெருசாப் போயிட்டாக எனக்கு." ஒரு முழம் இறங்கினார். அவள் நிமிரவில்லை. "அப்புறம்?" என்று மட்டும் கேட்டாள். அவர் அப்புறத்தையும் சொன்னார். அதற்கு முந்தியதையும் சொன்னார். அவளுக்குக் காய்ச்சல் வந்த வருஷம், ஆஸ்பத்திரி வராந்தாவில் தனியாக நின்று அழுததையும், அதை ஒருநாளும் சொல்லாததையும் சொன்னார். சாயங்காலம் அசர் தொழுகைக்குப் பாங்கு சொல்கிற நேரத்தில் அவர் முகம் அவள் முகத்துக்கு நேரே வந்திருந்தது. அவள் முறத்தை நகர்த்தி, கால் வைக்க இடம் விட்டாள்.

சரிவில் தண்ணீர் இன்றைக்கும் சாய்ந்துதான் நிற்கிறது. மீன் இன்னும் வரவில்லை. போடியில் அந்த வருஷத்துக்குப் பிறகு சிலர் சிலிண்டர் கிட்டேயே போகாமல் தரையைவிட்டுக் கொஞ்சம் எழும்பி நடப்பதுண்டு. போன வாரம் பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் டீ ஆற்றிக்கொண்டிருந்தவர் அரையடி உயரத்தில் நின்று ஆற்றினார். யாரும் கூட்டம் போடவில்லை. குடித்துக்கொண்டிருந்த ஒரு ஜீப் டிரைவர் மட்டும் டம்ளரை வைத்துவிட்டு, "என்னண்ணே, வீட்டுல ஏதும் சங்கடமா?" என்று கேட்டபடி பெஞ்சில் அவருக்கும் இடம் விட்டு நகர்ந்து உட்கார்ந்தார். போடிமெட்டு ஜீப் அன்று கொஞ்சம் தாமதமாகக் கிளம்பியது.